பிரித்துப் பார்க்காமல் சொன்ன பதில்

1

போன வாரம் அக்கா வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், மோட்டாருக்குக் காயில் சுற்றும் மாமாவின் கடை வாசலில் கட்டிய பிளெக்ஸ். முதலாம் ஆண்டு நினைவஞ்சலி. மாமா நீலச் சட்டையில் சிரிக்கிறார். கீழே வரிசையாகப் பெயர்கள்: மனைவி வசந்தா (என் அக்கா), மகள் கவிதா, மருமகன், பேரன். கடைசியில் தனி வரியில், மற்ற எல்லாப் பெயரையும்விடப் பெரிய எழுத்தில், 'மைத்துனர் குமார், ஜப்பான்'.

பிளெக்ஸ் அடிக்கிறவருக்கு என் பெயரைப் பெரிதாகப் போட எந்த அவசியமும் இல்லை. அக்கா நின்று சொல்லிப் போட வைத்திருப்பாள். மதியச் சாப்பாட்டு நேரம். எதிரே உட்கார்ந்திருந்த சக ஊழியர் எட்டிப் பார்த்து, யார் இவர் என்று கேட்டார். சொந்தக்காரர் என்று சொல்லிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன். சோறு இறங்கவில்லை.

இந்தப் பத்திரிகையில் நான் அவ்வப்போது எழுதும் குறிப்புகளை அக்கா தானாகப் படிப்பதில்லை. கண்ணில் புரை. கவிதாதான் ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்ரீரங்கத்து வீட்டுக்கு வந்து சத்தமாகப் படித்துக் காட்டுவாள். பனி, ரயில், இந்த ஊர் மீன்கடை என்று நான் எழுதுவதை எல்லாம் படிப்பாளாம். அம்மா மனசு கஷ்டப்படுகிற இடம் வந்தால் தாண்டிவிடுவாளாம். அவளே என்னிடம் சொல்லியிருக்கிறாள். அதை இங்கே குறித்து வைக்கிறேன், பின்னால் வேண்டும்.

2

பதினோரு வருஷமாக ஜப்பானில் இருக்கிறேன். அதில் கடைசி ஆறு வருஷம் ஒரே இடத்தில் வேலை. அது என்ன வேலை என்று திருச்சியில் யாருக்கும் சரியாகத் தெரியாது. தெரியாமல் இருக்கும்படி நானும் பார்த்துக்கொண்டேன்.

ஒரு ஆஸ்பத்திரியின் பின்கட்டடத்தில் நியூட்ரான் உண்டாக்கும் இயந்திரம் ஒன்று இருக்கிறது. நியூட்ரான் என்பது அணுவுக்குள் இருக்கும், மின்சுமை இல்லாத துகள். முன்பெல்லாம் அது கணிசமாக வேண்டுமென்றால் அணு உலைக்குத்தான் போக வேண்டும். நோயாளியைக் கூட்டிக்கொண்டு யார் அணு உலைக்கு அலைவது? இப்போது ஒரு நடுத்தரக் கல்யாண மண்டபம் அளவு இடத்தில் வேலை முடிந்துவிடுகிறது. புரோட்டான்களை வேகமாக ஓடவிட்டு லித்தியம் பூசிய ஒரு தகட்டின் மேல் மோத விடுகிறார்கள். மோதிய இடத்திலிருந்து நியூட்ரான்கள் பிய்த்துக்கொண்டு கிளம்புகின்றன. அவற்றின் வேகத்தைக் குறைத்து, சுவரில் இருக்கும் ஒரு துளை வழியாக அந்தப் பக்கம் அனுப்புகிறார்கள்.

அந்தப் பக்கம் நோயாளி இருப்பார். முன்கூட்டியே போரான் கலந்த ஒரு மருந்தை டிரிப்ஸில் ஏற்றியிருப்பார்கள். புற்றுநோய்ச் செல் அந்த மருந்தை மற்ற செல்களைவிட ஆசையாக இழுத்துக்கொள்ளும். நியூட்ரான் உள்ளே போனதும் போரான் அதை வாங்கிக்கொண்டு வெடிக்கும். அந்த வெடிப்பு ஒரு செல்லின் அகலத்தைத் தாண்டாது. அக்கம்பக்கம் பெரும்பாலும் தப்பித்துவிடும். தலையிலும் கழுத்திலும் ஒருமுறை கதிர்வீச்சு கொடுத்து ஆறி, மறுபடி வந்துவிட்ட கட்டிகளுக்கு இது. சிகிச்சை இல்லாத நாட்களில் உயிரியல் ஆராய்ச்சி செய்கிறவர்கள் செல் தட்டுகளையும் எலிகளையும் அதே துளைக்கு முன்னால் கொண்டுவந்து வைப்பார்கள்.

இதில் என் வேலை தண்ணீர். புரோட்டான் மோதும் தகடு கொதித்துவிடும். பின்னாலேயே தண்ணீர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். சில விநாடி நின்றாலும் தகடு போச்சு. ஆகவே பம்பு, குழாய், வடிகட்டி, கசிவு, கசிந்ததைத் துடைக்கும் துணி, எல்லாம் என் பொறுப்பு. சிகிச்சை நாட்களில் காலையில் இன்னொரு வேலையும் உண்டு. துளைக்கு முன்னால் தலை வடிவத்தில் ஒரு பிளாஸ்டிக் பாத்திரம் வைத்து, உள்ளே மெல்லிய தங்கக் கம்பிகளைப் பொருத்தி, எவ்வளவு நியூட்ரான் வருகிறது என்று அளப்பார்கள். அளப்பது இயற்பியல்காரர்கள். அந்தத் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவது நான். மனிதத் தலை ஒன்றுக்குக்கூட நான் எதுவும் செய்ததில்லை.

கட்டடத்துக்கு இரண்டு வாசல். கிழக்கே நோயாளிகள் வாசல், பூந்தொட்டி வைத்திருப்பார்கள். மேற்கே எங்களுடையது, செருப்புக்கு உறை மாட்டிக்கொண்டு போக வேண்டும். ஆறு வருஷத்தில் கிழக்கு வாசலை நான் மிதித்ததில்லை.

3

நாலு வருஷம் முன்னால் லீவில் வந்திருந்தபோது மாமா கடையில் உட்கார்ந்து போனில் இயந்திரத்தின் படத்தைக் காட்டினேன். மாமா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, எண்ணெய்க் கையைப் பனியனில் துடைத்துவிட்டு, இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார்.

"ஏம்ப்பா குமாரு, இது காயில்தானே?"

"ஆமா மாமா. காந்தம். துகளை வளைச்சுக் கொண்டுபோறதுக்கு."

"எம்மாம் பெருசு! சூடாவுமே, என்ன பண்றாங்க?"

"தண்ணி ஓடுது மாமா. தண்ணி என் பொறுப்பு."

"தண்ணி நின்னா?"

"எல்லாம் அவுட்டு."

"அப்ப நீதான் மெயினு, போ!" என்று தொடையில் தட்டிச் சிரித்தார். எதிர்க்கடைக்குக் குரல் கொடுத்து டீ சொன்னார். டீ வருவதற்குள் பக்கத்து பேரிங் கடைக்காரரிடம் சொல்லியாகிவிட்டது. "நம்ம மச்சான் பண்ற மெஷினுங்க. கேன்சர் கட்டியவே கரைச்சுடுமாம்."

மறுநாள் டீக்கடைக்காரர், "சார், நீங்க டாக்டராமே?" என்றார். இல்லைங்க, குழாய் பார்க்கிறவன் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? நான் சிரித்தேன். வெறும் சிரிப்பு. அந்தச் சிரிப்பில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

மாமா கடைப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பச்சைமலையிலிருந்து விவசாயிகள் எரிந்துபோன கிணற்று மோட்டாரைச் சாக்கில் கட்டிப் பஸ்ஸில் போட்டுக்கொண்டு வருவார்கள். மலைக்குப் பஸ் குறைவு. சாயங்காலப் பஸ்ஸை விட்டால் சத்திரத்திலேயே படுக்க வேண்டியதுதான். மோட்டாரைப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தாலே கருகின வாடையில் மாமாவுக்குத் தெரிந்துவிடும், இது தேறாது என்று. ஆனாலும் சொல்ல மாட்டார். கொண்டுவந்தவரை எதிரே ஸ்டூலில் உட்காரவைத்து, மூடியைக் கழற்றி, காயிலை வெளியே இழுத்து, டார்ச் அடித்துக் காட்டி, அப்புறம்தான் சொல்வார்.

"வாடையிலயே தெரியுதே மாமா, எதுக்கு அரை மணி நேரத்தை வேஸ்ட் பண்றீங்க?" என்று ஒருமுறை கேட்டேன்.

"எனக்குத் தெரியுது, அவருக்குத் தெரியணும்ல. அவ்ளோ தூரம் சொமந்துட்டு வந்திருக்காரு. பிரிச்சுப் பாக்காம இல்லன்னு சொன்னா, போற வழியெல்லாம் அவருக்கு அதே நெனப்பா இருக்கும்" என்றார். என் மகள் யாழினிக்கு அப்போது பன்னிரண்டு வயசு. மிச்சக் கம்பியில் ஒரு பேட்டரியும் காந்தமும் வைத்து, சுற்றுகிற பொம்மை மோட்டார் ஒன்று அவளுக்குச் செய்து கொடுத்தார்.

4

மாமாவுக்குக் கன்னத்துக்குள் புண் வந்தது. ஹான்ஸ் புகையிலை போடுகிற பழக்கம். புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து, கதிர்வீச்சும் கொடுத்து, நல்லபடியாக எழுந்து கடைக்குப் போக ஆரம்பித்துவிட்டார். எட்டு மாசத்தில் கழுத்தோரம் மறுபடி கட்டி. அதே இடத்தில் மறுபடியும் கதிர்வீச்சு கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

அக்கா கூப்பிட்டபோது நான் பம்பு அறைக்கு வெளியே நின்றிருந்தேன்.

"குமாரு, புத்தூர் டாக்டரே சொல்றாருடா. ஜப்பான்ல ஒரு மெஷினு இருக்காம், திரும்பி வந்த கட்டிக்குன்னே இருக்காம். எனக்கு அழுகையும் வருது சிரிப்பும் வருது. அதைப் பாத்துக்கறதே என் தம்பிதான் சார்னு சொன்னேன். அவரு எந்திரிச்சே நின்னுட்டாரு. கேட்டுச் சொல்றியாப்பா? செலவைப் பத்தி நீ யோசிக்காத."

"கேட்டுச் சொல்றேன்கா."

கேட்கவில்லை.

ஏன் கேட்கவில்லை என்று எனக்கு நானே பல காரணம் சொல்லிக்கொண்டேன். அந்த மாசம்தான் என் ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டிய மாசம். முத்திரை குத்தும் மேலாளர் முகத்தைப் பார்த்து நடக்க வேண்டியிருந்தது. இன்னொன்று, பெரிய டாக்டரிடம் பேசப் பயம். என் ஜப்பானியம் பட்டறையில் கற்றது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கூட்டத்தில் எல்லார் முன்னாலும் அவரை, நம்மூரில் 'வாய்யா போய்யா' என்கிற மாதிரியான ஒரு சொல்லால் கூப்பிட்டுவிட்டேன். அறையே சிரித்தது. அவரும்தான் சிரித்தார். அதிலிருந்து டாக்டர்கள் இருக்கும் திசைக்கே போவதில்லை.

இதெல்லாம் ஒப்புக்குச் சொல்வது. உண்மைக் காரணம் கேவலமானது. மாமா வந்தால் கிழக்கு வாசல் வழியாக வருவார். அக்கா கூடவே வருவாள். வந்ததும் நர்ஸிடம் குமார் எங்கே என்று கேட்பாள். எந்தக் குமார் என்பார்கள். அப்புறம் யாராவது மேற்கு வாசலுக்குப் போய், கையில் ஈரத்துணியோடு நிற்கும் என்னைக் கூட்டி வருவார்கள். அந்தக் காட்சிதான் எனக்குத் திரும்பத் திரும்ப வந்தது. மாமாவின் கழுத்துக் கட்டி வரவில்லை, என் ஈரத்துணி வந்தது. தூ! இதை எழுதும்போது என் கையே எனக்குக் கூசுகிறது.

ஆறு நாள் தள்ளினேன். ஏழாவது நாள் கூப்பிட்டேன்.

"வெளிநாட்டுக்காரங்களுக்கு இங்க செய்ய மாட்டாங்களாம்கா. ரூல்."

"நீ கேட்டியாப்பா?"

"கேட்டேன். பெரிய டாக்டர்கிட்டயே போய்க் கேட்டேன்."

பொய் என்று ஆகிவிட்ட பிறகு அதற்குத் தாளிப்பு வேறு. அக்கா பக்கத்திலிருந்த மாமாவிடம் அதை அப்படியே சொன்னாள். அப்புறம், "சரிப்பா. நீ மனசப் போட்டு ஒழப்பிக்காத. நேரத்துக்குச் சாப்பிடு" என்றாள். மாமா போனை வாங்கினார். நாக்கு குழறியது.

"மச்சான், மோதிப் பாத்துட்டல்ல. விடு. பாத்துட்டுச் சொல்லியாச்சுன்னா அப்புறம் ஒண்ணுமில்ல."

அஞ்சு மாசத்தில் போய்விட்டார். பதினாறாம் நாள் காரியத்துக்குத்தான் என்னால் வந்து சேர முடிந்தது. பந்தியில் என் பக்கத்தில் இருந்தவர்களிடம் அக்கா சொல்லிக்கொண்டிருந்தாள், "என் தம்பி அந்த ஊரு பெரிய டாக்டர்கிட்டயே போய் நின்னான். அந்த ஊரு ரூலு விடல." எல்லாரும் என்னை மரியாதையாகப் பார்த்தார்கள். வடை பாயசத்தோடு சாப்பிட்டேன். அன்றைக்கு இறங்கியது. அதுதான் அசிங்கம்.

5

இந்த பிளெக்ஸ் படம் வந்த மறுநாள் அக்கா கூப்பிட்டாள். அடுத்த வீட்டு ராஜேஸ்வரி டீச்சருக்கு எச்சில் சுரப்பியில் வந்த கட்டி, ஆபரேஷனுக்கும் கதிர்வீச்சுக்கும் பிறகு மறுபடி வந்திருக்கிறது. கவிதாவுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். "ரூல் இருக்குன்னு தெரியும்டா. இருந்தாலும் அவங்க பையன் வந்து நிக்கிறான், எப்படி இல்லன்னு சொல்றது? ஒரு வார்த்தை கேட்டுப் பாரேன்" என்றாள்.

இந்த முறை கேட்கிறேன் என்று சொல்லிவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் யாழினியைக் கூப்பிட்டேன். அவளுக்கு இப்போது பதினாறு. நான் தமிழில் கேட்டால் ஜப்பானியத்தில் பதில் சொல்வாள். மிகவும் கோபம் வந்தாலோ, மிகவும் பாசம் வந்தாலோ மட்டும் தமிழ். அவள் ஜப்பானியம் இந்த ஊர்க்காரர்களுடையது. என்னுடையது பம்புக்குப் போதும், ஒருவரிடம் போய்ப் பணிவாக உதவி கேட்கப் போதாது. ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் எழுதித்தா என்றேன்.

லேப்டாப்பைத் திறந்தாள். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"லெட்டர் வேணாம்ப்பா. இங்கயே ஃபார்ம் இருக்கு" என்றாள், ஜப்பானியத்தில்தான்.

"என்ன ஃபார்ம்?"

"வெளிநாட்டுலேருந்து வர்ற பேஷண்டுக்கு."

பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். பெயர், வயசு, எந்த இடத்தில் கட்டி, முன்பு என்ன சிகிச்சை, ஸ்கேன் இணைக்கவும். அவ்வளவுதான். பக்கத்தின் அடியில் அது போடப்பட்ட தேதி இருந்தது. மாமாவுக்குக் கட்டி திரும்பி வந்ததற்கு முந்தின வருஷம்.

யாழினியும் அதைப் பார்த்தாள். அப்புறம் தமிழில் கேட்டாள்.

"மாமாவுக்கு முடியாதுன்னு சொன்னாங்கன்னு அத்தைகிட்ட சொன்னீங்களே?"

நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்பா. கேட்டீங்களா?"

ஸ்கேன் பின்னால் வரும் என்று எழுதி, அவள் மற்றதை எல்லாம் நிரப்பினாள், ஒன்றுக்கு இரண்டு முறை சரிபார்த்தாள், அனுப்பினாள். எழுந்து போய்த் தன் அறைக் கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டாள். மாமா செய்து கொடுத்த பொம்மை மோட்டார் இன்னும் அவள் மேஜைமேல் இருக்கிறது. அவள் கன்னத்தில் ஒரு அறை விட்டிருந்தால்கூட எனக்குத் தேவலாம் போல இருந்தது.

திங்கட்கிழமை கிழக்கு வாசல் வழியாகப் போனேன். ஃபார்ம் போய்விட்டது, நான் போக வேண்டிய அவசியமே இல்லை. போனேன். உடுப்பைக்கூட மாற்றவில்லை. பெரிய டாக்டர் தாழ்வாரத்தில் எதிரே வந்தார். நான் குனிந்து வணங்கி, மனப்பாடம் செய்திருந்த வாக்கியத்தை ஆரம்பிக்குமுன் அவரே சொன்னார், "நீங்கள் தண்ணீர்க்காரர்தானே? உங்கள் தண்ணீர் இல்லாவிட்டால் எங்களுக்கு இங்கே வேலையே இல்லை." கிண்டல் இல்லை. மரியாதையாகத்தான் சொன்னார். ஆறு வருஷமாக நான் ஒளித்து வைத்திருந்தது அவருக்கு ஒரு குறையாகவே படவில்லை.

டீச்சர் விஷயத்தைச் சொன்னேன். உறுதி எதுவும் கொடுக்க முடியாது, மருந்து அந்தக் கட்டிக்குள் போய்ச் சேர்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும், நிறைய பேருக்கு அங்கேயே நின்றுவிடும் என்றார். சரி என்றேன். பிறகு வாய் தானாகத் திறந்தது. ஒன்றரை வருஷம் முன்னால் இப்படி இப்படி ஒருவர் இருந்தார், கன்னம், கழுத்தோரம், அவருக்குச் செய்திருக்க முடியுமா?

"ஸ்கேனைப் பார்க்காமல் எப்படிச் சொல்வது?" என்றார்.

அந்த ஸ்கேன் ஸ்ரீரங்கத்தில் அக்கா பீரோவில் இருக்கிறது. ஒருவேளை மாமாவுக்கும் முடியாது என்றுதான் சொல்லியிருப்பார்கள். பாதிக்கு மேல் அப்படித்தான் இருந்திருக்கும். ஆனால் அதைச் சொல்லும் உரிமை, பிரித்துப் பார்த்தவருக்கு. மலையிலிருந்து சுமந்துகொண்டு வந்த மோட்டாரை நான் சாக்கைக்கூட அவிழ்க்காமல் திருப்பி அனுப்பினேன்.

டீச்சருக்குப் பதில் வந்தது. ஸ்கேன்களை அனுப்புங்கள், பார்க்கிறோம் என்று நாலு வரி. இரண்டே நாளில்.

6

அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னேன். திருச்சியில் காலை நேரம். அக்கா முறத்தில் ஏதோ புடைத்துக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

"பாக்கறோம்னா சொல்லிட்டாங்க? ரெங்கநாதா!" என்றாள். அப்புறம் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஏன்டா, இப்ப ரூல மாத்திட்டாங்களா?" என்றாள்.

சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்துதான் கூப்பிட்டிருந்தேன். சத்தியமாக.

"ஆமாக்கா. மாத்திட்டாங்க."

"பாவிங்க. ரெண்டு வருஷம் முன்னாடி மாத்தித் தொலைச்சிருக்கக் கூடாதா?" அழ ஆரம்பித்துவிட்டாள். அழுதுகொண்டே எனக்கு ஆறுதல் வேறு. "நீ என்னடா பண்ணுவ? நீதான் கேட்டியே. உங்க மாமா கடைசி வரைக்கும் அதைத்தான் சொல்லிச் சொல்லிப் படுத்திருந்தாரு. மச்சான் பாத்துட்டுத்தான் சொன்னான், இனிமே நெனச்சுக் கொழப்பிக்கிறதுக்கு ஒண்ணுமில்லன்னு. எனக்கும் அதனாலதான் தூக்கம் வருது."

போனை வைத்துவிட்டு நெடுநேரம் பம்புச் சத்தத்தைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தேன். அக்காவின் தூக்கம் என் பொய்யின் மேல் படுத்திருக்கிறது. அதைக் கெடுக்க நான் யார் என்று ஒரு மனசு. அந்த மனசையும் நம்ப முடியவில்லை. அன்றைக்கு மாமாவை வரவிடாமல் செய்ததும் இதே மனசுதான், அப்போதும் இப்படித்தான் நல்லவன் மாதிரிப் பேசியது. நாளைக்கு டீச்சர் பையன் அக்கா வீட்டு வாசலில் நின்று, அந்த ஃபார்ம் ரொம்ப வருஷமாக இருக்கிறது அத்தை என்று யதார்த்தமாகச் சொல்லலாம். அப்படி அவள் தெரிந்துகொள்ளக் கூடாது. யாழினி நாலு நாளாக என்னிடம் ஜப்பானியத்தில்தான் பேசுகிறாள், கோபத்துக்குக்கூடத் தமிழ் வரவில்லை.

போனில் எனக்கு வாய் வரவில்லை. இரண்டு தடவை பார்த்துவிட்டேன், வராது. அதனால் எழுதுகிறேன்.

கவிதா, இதைப் படிக்கும்போது அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். நீ எந்த இடத்தைத் தாண்டுவாய் என்று எனக்குத் தெரியும். தாண்டாதே. ஈரத்துணியைத் தாண்டாதே, ஃபார்ம் தேதியைத் தாண்டாதே. கடை வாசலில் பிளெக்ஸ் இன்னும் இருந்தால் கடைசி வரியை மடித்துக் கட்டச் சொல். அம்மா திட்டினால் நிறுத்தாமல் திட்டட்டும், இடையில் புகுந்து எனக்காக எதுவும் பேசாதே. இனி வருவதை மெதுவாகப் படி.

அக்கா, ரூல மாத்தல. அப்படி ஒரு ரூல் என்னைக்கும் இருந்ததில்ல. நான் கேக்கவே இல்லக்கா.